யாரைப் பார்க்க வந்தீர்கள்?

டோக்கியோவில் ஷிமோகிடஸாவா என்று ஒரு பேட்டை. சிறிய நாடகக் கொட்டகைகள், பழைய துணிக் கடைகள், காப்பிக் கடைகள். தரைக்குக் கீழே படியிறங்கிப் போனால் பாட்டுக் கூடங்கள். இந்தக் கூடங்களை அங்கே 'லைவ் ஹவுஸ்' என்கிறார்கள். நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும். பெரும்பாலும் உட்கார நாற்காலி கிடையாது. படியிறங்கியதும் ஒரு சின்ன மேஜை, அதன் பின்னால் ஒரு பையன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, பானத்துக்கென்று தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டு, ஒரு கேள்வி கேட்பான்: 'இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள்?'

முதல் தடவை இதை நான் உபசாரம் என்று நினைத்தேன். 'எல்லோரையும்தான்' என்று சொன்னேன். பையன் சங்கடப்பட்டான். பேனா தாளுக்கு மேலே நின்றுவிட்டது. என் பின்னால் நின்றவர் லேசாக இருமினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஐந்து பெயர்களில் படிக்க முடிந்த ஒன்றைச் சொன்னேன். அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு விழுந்தது.

அது உபசாரம் அல்ல, கணக்கு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு மாலையில் நாலைந்து குழுக்கள் பாடும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி. ஒருவருக்கொருவர் பரிச்சயம் இருக்க வேண்டும் என்பதில்லை. வந்தவர்களில் யாருக்காக எத்தனை பேர் என்று கூடத்துக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். பாடுகிறவன் இத்தனை டிக்கெட் விற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டுதான் மேடை ஏறுகிறான். விற்காததற்குக் கைப்பணம் கட்ட வேண்டும். இதற்கு 'நோருமா' என்று பெயர். ரஷ்ய வார்த்தை. 1945க்குப் பிறகு சைபீரிய முகாம்களில் அடைபட்ட ஜப்பானியச் சிப்பாய்கள் அன்றாடம் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலையளவை இந்த வார்த்தையால்தான் அறிந்தார்கள். திரும்பி வந்தபோது மூட்டையோடு அதையும் கொண்டுவந்தார்கள். இப்போது இருபது வயதுப் பையன்கள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வார்த்தையைச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

நான் 2009இல் டோக்கியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் வேலை. எங்களைப் போன்றவர்கள் அதிகம் வசிக்கும் நிஷி கசாயில் ஒரு அறை. சங்கீதத்துக்கும் எனக்கும் கேட்கிறவன் என்பதைத் தவிர வேறு உறவில்லை. 2012இல், அந்தக் கோடு விழுந்த பெயருக்கு உரியவளோடு எனக்கு நட்பு ஏற்பட்டது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அது யாருக்கும் தெரிந்த பெயரும் இல்லை. காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் டப்பாக்களில் சோறு அடைப்பாள். மாலையில் பாடுவாள். தனியாள், ஒரு கிட்டார், தன் பாட்டுகள். ஐந்து பாட்டுகளைத் தானே தட்டில் பதித்து, உறையைத் தானே மடித்து, 1000 யென்னுக்கு விற்றாள். மேடைக்குப் பக்கத்திலோ வாசலிலோ இதற்கென்று ஒரு மேஜை போட்டுக்கொள்ள அனுமதிப்பார்கள். அந்த மேஜைக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலையாயிற்று. அயல்நாட்டான் நின்றால் இரண்டு பேர் கூடுதலாக எட்டிப் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்தாள். எட்டிப் பார்த்தார்கள். சிலர் 'முத்து' படம் பற்றிக் கேட்டார்கள். 1998இல் ஷிபுயாவில் அது ஓடியதை ஞாபகம் வைத்திருந்தவர்கள். தட்டு வாங்கவில்லை.

ஜப்பானின் பாட்டு வியாபாரம் மிகப் பெரியது. 1998இல் அது உச்சத்தில் இருந்தது. அந்த ஒரு வருஷம் உற்பத்தியான இசைத் தட்டுகளின் மதிப்பு 60,000 கோடி யென்னுக்கு மேல். பிறகு சரிவுதான். என்றாலும் மற்ற தேசங்களில் தட்டு என்ற பொருளே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட பிறகும், 2024இல்கூட அங்கே இணையத்தில் கேட்பதைவிடத் தட்டாக வாங்குவதில்தான் அதிகப் பணம் புழங்கியது. இந்த வியாபாரத்தில் பாட்டு தானாக யாரிடமும் போய்ச் சேர்வதில்லை. டெலிவிஷன் நாடகத்தின் முகப்பில், முகப்பூச்சு விளம்பரத்தில், கார்ட்டூன் படத்தின் கடைசியில் என்று எதன் முதுகிலாவது ஏறிப் போகிறது. 'ஜே பாப்' என்ற பெயரே 1988இல் தொடங்கிய ஒரு டோக்கியோ வானொலி நிலையத்தில் பிறந்ததுதான். அயல்நாட்டுப் பாட்டுகளுக்கு நடுவே வைத்தாலும் உறுத்தாத சொந்த நாட்டுப் பாட்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

இதற்கு வெளியே நிற்கிறவனுக்குக் கதைகள் இருக்கின்றன. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: 1967இல் கியோட்டோவில் சில மாணவர்கள், தங்கள் குழுவைக் கலைக்கப் போகிறோம் என்று ஞாபகார்த்தமாக ஒரு இசைத்தட்டைச் சொந்தச் செலவில் போட்டார்கள். 300 பிரதிகள். அதிலிருந்து ஒரு பாட்டை, குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் செத்தவன் சொர்க்கத்திலிருந்து திருப்பி அனுப்பப்படும் வேடிக்கைப் பாட்டை, வானொலியில் போட்டார்கள். வருஷக் கடைசியில் பெரிய கம்பெனி அதை வெளியிட, 20 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த மாணவர்களில் ஒருவர் பின்னாளில் மனநல மருத்துவராகி, சர்வகலாசாலைப் பேராசிரியரும் ஆனார். இன்னொன்று: யோகோஹாமாவில் ஒரு கடை வாசலில் இரவில் பாடிக்கொண்டிருந்த இரண்டு பேர், 1998 ஆகஸ்டில் அங்கே கடைசியாகப் பாடிய இரவில், புயல் மழையில் சுமார் 7500 பேர் நின்றார்கள். மூன்றாவது: ஒகினாவாவைச் சேர்ந்த மூன்று பையன்கள் பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் 2001இல் வெளியிட்ட தொகுப்பு 25 லட்சத்துக்கு மேல் விற்றது.

மூன்றும் நடந்தவைதான். ஆனால் லைவ் ஹவுஸ் படிகளில் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. 300 பிரதி என்பது அந்தக் கதையில் ஒரு எண்ணிக்கையே அல்ல. 20 லட்சத்துக்கு முன்னால் வரும் வாசற்படி, அவ்வளவுதான். 300 பிரதியோடு நின்றுபோன தட்டுகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அவற்றை வாங்கிய 300 பேர் என்ன ஆனார்கள், அவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று கேட்க நாதியில்லை. பெருவியாபாரத்தை எதிர்த்து நிற்கிறவனும் அதன் வாய்ப்பாட்டைத்தான் ஒப்பிக்கிறான். நாம் நம்முடைய சந்தாதாரர் எண்ணிக்கையைச் சொல்லும்போது குரல் எப்படித் தாழ்ந்துபோகிறது என்பதை யோசித்தால் இது புரியும்.

அவள் இந்தக் கதைகளைச் சொல்லமாட்டாள். அவளுக்கு வேறு வழிகள் தெரிந்திருந்தன. ரயில் ஸ்டேஷன் வாசலில் பாடினாள். தெருவில் பாடப் போலீஸ் அனுமதி வேண்டும். அதை யாரும் வாங்குவதில்லை, கேட்டாலும் சுலபத்தில் கிடைப்பதில்லை. மூன்றாவது பாட்டில் ஒரு போலீஸ்காரர் வந்து மிகுந்த மரியாதையோடு தலை குனிவார். அவளும் தலை குனிந்து கிட்டாரை உறையில் போடுவாள். 2002இலிருந்து டோக்கியோ நகர நிர்வாகம் பரீட்சை வைத்துத் தெருக்கலைஞர்களுக்கு உரிமம் தருகிறது. அவள் அதற்கு எழுதிப் போடவில்லை. கோயென்ஜியில் ஒரு சின்னக் கடையில் ஐந்து தட்டுகளை விற்றால் பணம் என்ற பேச்சில் வைத்தாள். கடைக்காரர் தன் கையாலேயே சின்ன அட்டையில் நாலு வரி பாராட்டி எழுதிப் பக்கத்தில் செருகினார். இது அந்த ஊர்க் கடைகளில் நல்ல வழக்கம். பெரிய கடைகளிலும் உண்டு. ஒரு வருஷத்தில் மூன்று போயிற்று.

சொந்தமாகத் தட்டுப் போடுகிறவர்கள் கூடி விற்கும் சந்தை ஒன்றும் 1998லிருந்து வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கிறது. அவர்கள் தங்களை 'தோஜின்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒத்த மனமுள்ளவர்கள் என்று பொருள். எழுத்தாளர்கள் கூடிக் கைக்காசு போட்டு நடத்தும் இலக்கியப் பத்திரிகைக்கு அங்கே வைத்த பெயர் அது. ஓசாக்கி கோயோவும் நண்பர்களும் 1885இல் தொடங்கிய பத்திரிகையிலிருந்து அந்த வழி வருகிறது. இலக்கியத்திடம் பாட்டுக்காரர்கள் கடன் வாங்கிய வார்த்தை என்று அவளிடம் சொன்னேன். 'அவர்களுக்கும் நோருமா இருந்ததா?' என்று கேட்டாள்.

அவள் பாடிய கூடத்தில் நோருமா 15 டிக்கெட். ஒன்று 2000 யென். மாதம் ஒரு தடவை பாடினாள். அவளால் ஆறு டிக்கெட் விற்க முடியும். சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேர், அக்கா, பழைய பள்ளித் தோழி, பெயர் தெரியாத ஒரு கண்ணாடிக்காரர், மாறி மாறி இன்னொருவர். மிச்சம் ஒன்பதுக்கு 18,000 யென் அவள் கட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு மூன்று நாள் சோறு அடைத்த கூலி.

அந்த ஒன்பதை நான் விற்றுத் தருகிறேன் என்று 2013 தொடக்கத்தில் வாங்கிக்கொண்டேன். விற்கிற உத்தேசம் முதலில் இருந்தது. ஆபீஸில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் தூரம் என்றார். இன்னொருவர் என்ன பாஷையில் பாடுகிறாள் என்று கேட்டார். அதற்குமேல் கேட்கக் கூச்சமாயிருந்தது. ஒன்பதையும் நானே வாங்கிக்கொண்டு, விற்றுவிட்டதாகச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். வருகிறார்களா என்று கேட்டாள். வேலை அதிகம், வர முடியுமா தெரியாது என்றேன். தாட்சண்யத்துக்காக டிக்கெட் வாங்கிவிட்டு வராமலிருப்பது அங்கேயும் சகஜம். அவள் நம்பினாள். அப்படி எட்டு மாதம்.

நோருமா தீர்ந்துவிட்டால் ராத்திரிக் கணக்கு முடிக்கும்போது தாளை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. 'உழைத்தீர்கள், நன்றி' என்று தலை குனிந்து அனுப்பிவிடுவார்கள். அந்த எட்டு மாதமும் அவள் சந்தோஷமாகப் படியேறினாள். நானும்தான். 18,000 யென்னில் இவ்வளவு நல்லது செய்ய முடிகிறதே என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது மாதம் அவள் ஒன்பது கடித உறைகள் கொண்டுவந்தாள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு. கையால் எழுதியது. ஆபீஸில் கொடுத்துவிடுங்கள் என்றாள். வாங்கிக்கொண்டேன். அறைக்குப் போய் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டேன். அடுத்த மாதம் ஒன்பது. அதற்கடுத்த மாதமும். ஒன்றை மட்டும் பிரித்துப் படித்தேன். 'வேலை அதிகம் என்று கேள்விப்பட்டேன். டிக்கெட் வாங்கியதற்கு நன்றி. உங்களுக்கு ஜப்பானிய மொழி சிரமமாக இருக்கலாம். அடுத்த தடவை வந்தால் புரிகிற மாதிரி மெதுவாகப் பாடுகிறேன்' என்று எழுதியிருந்தது. எனக்காக எளிய எழுத்துகளில் எழுதப் பழகியவள் அவர்களுக்கும் அப்படியே எழுதியிருந்தாள். மற்றவற்றை நான் பிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் அவள் பாட்டு மாறியது. முன்பெல்லாம் வார்த்தைகளை நெருக்கி, மூச்சு விடாமல், பாதி தனக்குள்ளேயே பாடுவாள். இப்போது வார்த்தைகள் குறைந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடம் விழுந்தது. புதிதாக ஒரு பாட்டு செய்தாள். அந்த மார்ச்சில் ஷிமோகிடஸாவாவில் ரயில் பாதையைத் தரைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அதுவரை லெவல் கிராஸிங் மணி ஓயாது, கதவு திறக்காமல் ஜனங்கள் இரண்டு பக்கமும் காத்து நிற்பார்கள். மணி நின்றபிறகும் அந்த இடத்தில் தன் கால் தானாக நிற்பதைப் பற்றிய பாட்டு. என் அரைகுறை ஜப்பானிய அறிவுக்கு முழுவதும் புரிந்த அவளுடைய முதல் பாட்டு அது. ஏன் புரிந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். இல்லாத ஒன்பது பேருக்காக அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

இலையுதிர் காலத்தில் கூடத்து நிர்வாகி அவளுக்குச் சனிக்கிழமை மாலை தர முன்வந்தார். எட்டு மாதம் குறையில்லாமல் கட்டியவள் என்பது ஒரு தகுதி. நோருமா 30, டிக்கெட் 2500 யென். ஒப்புக்கொள்வதற்கு முன் அவள் என்னைக் கேட்டாள்: 'சனிக்கிழமை ஆபீஸ் கிடையாதே. உங்கள் ஆட்கள் இந்தத் தடவை வருவார்களா?' வருவார்கள் என்று சொன்னேன். எட்டு மாதமாகச் சொன்னதைவிட இது பெரிய பொய். அப்போது அது எனக்கு அப்படித் தெரியவில்லை. பழைய பொய்யின் அடுத்த தவணையாகத்தான் பட்டது.

அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. இருபது டிக்கெட் எடுத்துக்கொண்டவன் பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் எட்டு விற்றிருந்தாள். பன்னிரண்டு விழுந்தது. 30,000 யென். ராத்திரி பதினோரு மணிக்கு, சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த மற்றக் குழுக்களுக்கு நடுவே, நிர்வாகி தாளை மேஜைமேல் வைத்தார்.

நம் ஊரில் மூட்டை எண்ணுகிறவர்கள் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுப்பார்கள். ஜப்பானியர்கள் ஐந்து கோடுகளில் முடியும் ஒரு எழுத்தைக் கோடு கோடாக எழுதி எண்ணுகிறார்கள். அந்த எழுத்துக்குச் 'சரி', 'நேர்' என்று அர்த்தம். அவள் பெயருக்குக் கீழே ஒரு முழு எழுத்தும் இரண்டு கோடுகளும் இருந்தன. ஏழு. அவளுக்குப் பக்கத்துப் பெயருக்குக் கீழே அந்த எழுத்து ஐந்து வரிசையாக நின்றது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பணத்தைக் கட்டினாள். தலை குனிந்து நன்றி சொன்னாள்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, 'பத்துப் பேரும் வரவில்லை' என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். பழைய கிராஸிங் இருந்த இடத்தைத் தாண்டியிருந்தோம். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது அழுவாள் என்று. 'கடிதங்கள் எங்கே?' என்று கேட்டாள்.

மறுநாள் செருப்புப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அறுபத்து மூன்று உறைகள். எண்ணிப் பார்த்தாள். பிரித்திருந்த ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு சொன்னது ஏறக்குறைய இது: 'பணம் போனதைப் பற்றி நினைக்காதீர்கள். உங்கள் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறேன். ஆறு பேர்தான் என்று தெரிந்திருந்தால் ஆறு பேருக்குப் பாடியிருப்பேன். அவர்கள் எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. வராதவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஒன்று மட்டும் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. அந்த ரயில் கிராஸிங் பாட்டு நல்ல பாட்டு. அவள் செய்ததில் நல்லது அதுதான் என்று நான் நினைக்கிறேன். இல்லாத வாசகனை நினைத்துக்கொண்டு எழுதுவதால் நல்ல எழுத்து வரக்கூடாது என்று சட்டமில்லை. நாம் எல்லோரும் ஓரளவுக்கு அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்த வாசகனைக் கற்பித்துக்கொள்ளும் உரிமை எழுதுகிறவனுக்கு மட்டுமே உண்டு. பக்கத்தில் நிற்கிறவன் அவனை ரகசியமாகத் தயாரித்துக் கொடுக்க முடியாது. நான் செய்தது ஆதரவு அல்ல. அவளுக்கும் அவளைக் கேட்க வந்த ஆறு பேருக்கும் நடுவே மறித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் நோருமா உள்ள கூடங்களில் பாடவில்லை. கோயென்ஜியில் ஒரு காப்பிக் கடையில், பத்து நாற்காலி, பாடி முடித்ததும் தொப்பியைச் சுற்றி அனுப்புவது என்ற ஏற்பாட்டில் பாடினாள். அறுபத்திரண்டு உறைகளையும் பிரித்து, பழைய கடிதத்தின் கீழே புதிய தேதியும் கடையின் பெயரும் எழுதி, ஸ்டேஷன் வாசலில் போகிறவர்களிடம் கொடுத்தாள். யாரோ யாருக்கோ எழுதிய நன்றிக் கடிதத்தை அறிமுகமில்லாதவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, 'இது எனக்குத்தானா?' என்று கேட்டாள். 'இப்போது உங்களுக்குத்தான்' என்று அவள் சொன்னாள்.

எனக்கு மேஜை வேலை போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன், தொப்பியில் என் பங்கைப் போட்டேன். என் பணத்தையும் அவள் இரண்டு வருஷத்தில் திருப்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நான் ஊர் திரும்பிப் பல வருஷங்கள் ஆகின்றன. 2020இல் தொற்று நோயின்போது டோக்கியோவின் கூடங்கள் வரிசையாக மூடிக் கிடந்தன. அவற்றைக் காப்பாற்றச் சொல்லி மூன்று லட்சம் பேர் அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று படித்தேன். அந்த மூன்று லட்சம் பேரும் எந்தெந்தப் பெயருக்குக் கீழே கோடாக விழுந்தவர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் பாடுகிறாள். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் தவறாமல் எழுதியிருப்பாள். போன தடவை பதினொன்று.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், இந்த இதழில் எனக்கு எத்தனை பிரதிகள் அனுப்பலாம், நண்பர்களுக்கு விற்றுத் தர முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருபது என்று எழுதக் கை போயிற்று. நாலு என்று எழுதினேன். நாலு பேரின் முகமும் எனக்குத் தெரியும்.